அப்பாவுக்கு சுகர், பி.பி., கொலஸ்ட்ரால் மூன்றும் இருக்கிறது. தினமும் பிஸ்தா சாப்பிடலாமா?

கேட்டவர்: மூத்தமகள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 67. சுகருக்கும் பி.பி.க்கும் பல வருடங்களாக மாத்திரை எடுத்துக்கொள்கிறார். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 148 என்று வந்தது. டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, மாலையில் டீயோடு சாப்பிடும் பிஸ்கட்டை நிறுத்தச் சொன்னார். பசித்தால் கொஞ்சம் நட்ஸ் சாப்பிடலாம் என்றும் சொன்னார். எந்த நட்ஸ், எவ்வளவு என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்பாவுக்குப் பிடித்தது பிஸ்தா. உப்புப் போட்டு வறுத்து, ஓடு நீக்கி பாக்கெட்டில் வருகிறதே, அதைத்தான் சாப்பிடுகிறார். செய்தி பார்த்துக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்துவிடுகிறார். நான் பாக்கெட்டின் பின்புறம் படித்துப் பார்த்தேன். 100 கிராமில் கொழுப்பே 45 கிராம், கலோரி 560 என்று போட்டிருக்கிறது. பாதி கொழுப்பாக இருக்கிற ஒன்று எப்படிக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும்? எடை ஏறாதா? பி.பி. இருப்பவர் அந்த உப்பைச் சாப்பிடலாமா?

இன்னொரு கவலையும் இருக்கிறது. பிஸ்தா சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் மாத்திரையே வேண்டாம் என்று யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். அப்பா அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். "ரெண்டு மாசம் இதைச் சாப்பிட்டுப் பார்க்கிறேன், மாத்திரையை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது விளக்கமாகச் சொன்னால் அவரிடம் காட்டுவேன்.


பதில்: மாலைநடை

முதலில் ஓடு நீக்கிய பாக்கெட் வாங்குவதை நிறுத்துங்கள். ஓட்டோடு இருப்பதை வாங்கிக் கொடுங்கள். நானும் அப்படித்தான் மாறினேன். ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாப்பிடும்போது வேகம் தானாகக் குறைந்துவிடும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


பதில்: உணவுத்தட்டு

மூத்தமகள், நான் உணவியல் படித்து, மருத்துவமனையில் இதய நோயாளிகளுக்கு உணவுத் திட்டம் எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் கேட்ட எல்லாமே என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பலர் கேட்கும் கேள்விகள்தான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அப்பாவும் படிக்கட்டும்.

மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். பிஸ்தாவுக்கு எல்.டி.எல்.லைக் குறைக்கும் தன்மை உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். 2008-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எல்.டி.எல். அதிகமாக இருந்தவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சாப்பிடும் உணவு முழுவதையும் ஆய்வாளர்களே கொடுத்தார்கள். நிறைய பிஸ்தா சேர்த்த உணவில் எல்.டி.எல். ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த "நிறைய" எவ்வளவு தெரியுமா? ஆளுக்கு ஏற்ப நாளுக்கு 63 கிராமிலிருந்து 126 கிராம் வரை. மற்ற உணவெல்லாம் அளந்து கொடுக்கப்பட்ட நிலையில் கிடைத்த பலன் இது. சாதாரண அளவு ஸ்டாட்டின் மாத்திரை 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைக்கிறது. அப்பாவுக்கு 148 இருக்கிறது, கூடவே சுகரும் பி.பி.யும் இருக்கின்றன. அவருக்கு இருப்பது மாரடைப்பு, பக்கவாதம் பற்றிய கவலை. அதை 12 சதவீதத்தை நம்பி விட்டுவிட முடியாது. மாத்திரையும் வேண்டும், பிஸ்தாவும் இருக்கட்டும். ஐயா, நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். தயவுசெய்து.

அப்புறம், கொழுப்பு எப்படிக் கொழுப்பைக் குறைக்கும் என்று கேட்டீர்களே. ரத்தத்தில் எல்.டி.எல்.லை ஏற்றுவதில் நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பெரிய பங்கு. வெண்ணெய், பாமாயில், பேக்கரிப் பண்டங்களில் அதிகம் இருப்பது அதுதான். 28 கிராம் பிஸ்தாவில் மொத்தக் கொழுப்பு 13 கிராம் இருந்தாலும், நிறைவுற்றது ஒன்றரை கிராமைச் சற்றுத்தான் தாண்டும். மீதி பெரும்பாலும் நிறைவுறாக் கொழுப்பு. அதிலும் பாதிக்கு மேல் ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே ஓலியிக் அமிலம் வகை. இதோடு 3 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. பைட்டோஸ்டெரால் என்ற தாவரப் பொருளும் இருக்கிறது. அதன் அமைப்பு கொலஸ்ட்ராலைப் போலவே இருப்பதால் குடலில் கொலஸ்ட்ராலோடு போட்டி போட்டு அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. ஆகவே பாக்கெட்டில் மொத்தக் கொழுப்பு என்ற வரியோடு நிறுத்தாமல், அதன் கீழே இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு வரியையும் பாருங்கள்.

இனி நான் எல்லோரிடமும் அடித்துச் சொல்லும் விஷயம். பிஸ்தாவை எதற்குப் பதிலாகச் சாப்பிடுகிறோம்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பிஸ்தாவின் நன்மையைப் பற்றிப் பேசவே முடியாது. பலன் காட்டிய ஆய்வுகளை எடுத்துப் பாருங்கள், பிஸ்தாவைக் கூடுதலாகக் கொட்டவில்லை. வேறு ஒன்றை எடுத்துவிட்டு அதே கலோரிக்குப் பிஸ்தாவை வைத்தார்கள். ஸ்பெயினில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு உங்கள் அப்பாவுக்கு நெருக்கமானது. சுகர் வருவதற்கு முந்தைய நிலையில் இருந்த 54 பேர் நான்கு மாதம் தினமும் 57 கிராம் பிஸ்தா சாப்பிட்டார்கள். இன்னொரு நான்கு மாதம் பிஸ்தா இல்லாமல், அதே அளவு சக்தியை மற்ற கொழுப்புகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிஸ்தா சாப்பிட்ட காலத்தில் வெறும் வயிற்று சர்க்கரையும் இன்சுலினும் குறைந்தன. டாக்டர் பிஸ்கட்டை நிறுத்தி நட்ஸ் சாப்பிடச் சொன்னார் இல்லையா, அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனது இதைத்தான். மைதாவும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த பிஸ்கட் போய் அந்த இடத்தில் பிஸ்தா வந்தால் லாபம். பிஸ்கட்டும் இருந்து, ஒரு கைப்பிடி பிஸ்தாவும் வந்தால், தினம் 160 கலோரி கூடுதலாக ஏறுகிறது, அவ்வளவுதான். அந்தக் கிண்ணத்தில் உண்மையில் எத்தனை கிராம் போகிறது என்று ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் போகிறது என்றால் அது ஒரு முழு வேளைச் சாப்பாட்டின் கலோரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிஸ்தாவைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றுக்குப் பணம் கொடுத்தது பிஸ்தா விளைவிப்போரின் சங்கங்கள்தான். அதனால் அவையெல்லாம் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் பெரும்பாலும் சில வாரங்களோ சில மாதங்களோ நடந்த சிறிய ஆய்வுகள் அவை. ரத்தத்தில் எண்கள் மாறியதைத்தான் காட்டுகின்றன. மாரடைப்பே குறைந்தது என்று பிஸ்தாவை மட்டும் வைத்து யாரும் காட்டவில்லை. நட்ஸ் பற்றிப் பேசும்போது பலர், மத்தியதரைக் கடல் பகுதி உணவும் இதய நோயும் பற்றிய ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வைச் சொல்வார்கள். பெரிய ஆய்வுதான், ஆனால் அதில் கொடுத்த நட்ஸ் கலவையில் வால்நட், பாதாம், ஹேசல்நட் மூன்றும் இருந்தன, பிஸ்தா இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003-இல் நட்ஸ் பாக்கெட்டுகளில் அச்சிட அனுமதித்த வாசகமும் மிகக் கவனமானது. நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைந்த உணவின் பகுதியாக நாளுக்கு ஒன்றரை அவுன்ஸ், அதாவது 42 கிராம் நட்ஸ் சாப்பிடுவது இதய நோய் ஆபத்தைக் குறைக்கலாம், ஆனால் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை என்பது அதன் சாரம். பிஸ்தாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. "குறைக்கலாம்" என்ற அந்த ஒரு சொல் வீடியோக்களில் காணாமல் போய்விடுகிறது.

எடை பற்றி. மாலைநடை சொன்னது மிகச் சரி, அதற்கு ஆய்வும் இருக்கிறது. 2011-இல் பல்கலைக்கழக மாணவர்களில் ஒரு பிரிவுக்கு ஓட்டோடும் இன்னொரு பிரிவுக்கு ஓடு நீக்கியும் பிஸ்தா வைத்தார்கள். ஓடு நீக்கியதை எடுத்தவர்கள் சராசரியாக 211 கலோரியும், ஓட்டோடு எடுத்தவர்கள் 125 கலோரியும் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்த திருப்தி இரண்டு பிரிவுக்கும் ஒரே மாதிரி. இன்னொரு சோதனையில் காலி ஓடுகளை உடனுக்குடன் அப்புறப்படுத்தாமல் மேசையிலேயே விட்டபோது சாப்பிட்ட அளவு 18 சதவீதம் குறைந்தது. எவ்வளவு தின்றோம் என்று கண்ணுக்குத் தெரிகிறது இல்லையா! அப்பா டிவி பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார் என்றீர்களே, அவருக்கு இது நிச்சயம் உதவும். ஓடுகளை உடனே எடுத்துப் போடாதீர்கள், பக்கத்தில் ஒரு தட்டில் சேரட்டும்.

அளவு: நாளுக்கு ஒரு கைப்பிடி, அதாவது 28 கிராம் பருப்பு, எண்ணிக்கையில் ஏறத்தாழ 49. ஓட்டோடு நிறுத்தால் எடையில் கிட்டத்தட்டப் பாதி ஓடுதான், அதனால் தராசில் 55 கிராம் அளவுக்கு வரும். இதில் 160 கலோரி, 6 கிராம் புரதம். ஒரு முட்டையிலும் ஏறத்தாழ 6 கிராம் புரதம்தான் இருக்கிறது, ஆனால் முட்டையின் கலோரி 70-க்குப் பக்கம். அதனால் புரதத்துக்காகவே பிஸ்தா சாப்பிடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. பிஸ்தாவின் தனிச் சிறப்பு வைட்டமின் பி6. ஒரு கைப்பிடியில் ஒரு நாள் தேவையில் கால் பங்குக்கு மேல் கிடைத்துவிடுகிறது. ஹீமோகுளோபின் உருவாவதற்கும் உடம்பு புரதத்தைக் கையாள்வதற்கும் அது வேண்டும். செம்பும் தயாமினும் (வைட்டமின் பி1) நன்றாகவே இருக்கின்றன.

உப்பு விஷயத்தில் பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். உப்புப் போட்ட பிஸ்தா 28 கிராமில் சோடியம் 120 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், தயாரிப்புக்குத் தயாரிப்பு கூடக்குறைய வரும். நாளுக்கு 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஒரு கைப்பிடியால் குடி முழுகிவிடாது. ஆனால் கிண்ணம் கிண்ணமாகப் போனால் கணக்கு மாறிவிடும். அது மட்டுமில்லாமல் உப்பின் ருசி கையை நிற்கவிடாது. உப்பில்லாத பிஸ்தாவில் சோடியம் கிட்டத்தட்டப் பூஜ்யம், பொட்டாசியம் 290 மில்லிகிராம். பி.பி.க்கு உதவுகிற கூட்டணி அது. நட்ஸ் வகைகளை வைத்து நடந்த பல சோதனைகளைச் சேர்த்து 2015-இல் அலசிப் பார்த்தபோது, ரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் பிஸ்தாதான் முன்னால் நின்றது. அந்த நன்மையை உப்பைப் போட்டு நாமே கெடுப்பானேன்?


பதில்: நிதானம்

உணவுத்தட்டு எழுதியது அருமை. ஒரே ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, சாப்பாட்டை அளந்து கொடுக்க வேண்டிய நிலை வந்தபோது நாங்கள் தெரிந்துகொண்டது இது. மற்றவர்களுக்கு நல்லதான பொட்டாசியமே சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு ஆபத்து. உடம்பு அதை வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். பாஸ்பரஸும் பிஸ்தாவில் கொஞ்சம் இருக்கிறது.

உங்கள் அப்பாவுக்குச் சுகரும் பி.பி.யும் பல வருடங்களாக இருப்பதால்தான் சொல்கிறேன். இந்த இரண்டும் சத்தமில்லாமல் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பி.பி.க்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில வகைகள், பெயர் "பிரில்" என்றோ "சார்ட்டன்" என்றோ முடிபவை, பொட்டாசியத்தை ஏற்றும் தன்மை உள்ளவை. பயப்படுத்தச் சொல்லவில்லை. தினமும் கொடுக்கத் தொடங்கும் முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் மூன்றையும் பார்த்துவிட்டு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் வீட்டில் அம்மா ஆசைப்பட்டுக் கேட்டபோதுகூட மருத்துவர் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் கொடுக்க எங்களுக்கு மனம் துணியவில்லை.


பதில்: இரட்டையர்அம்மா

இது கேட்டவருக்கு அல்ல, இந்தத் திரியைப் படிக்கும் மற்றவர்களுக்கு. வீட்டில் யாருக்காவது முந்திரி ஒவ்வாமை இருந்தால் பிஸ்தாவையும் தொடக்கூடாது, மருத்துவர் பரிசோதித்துச் சரி என்று சொன்னால் தவிர. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், மாமரமும் அந்தக் குடும்பம்தான். முந்திரியிலும் பிஸ்தாவிலும் இருக்கும் புரதங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. என் பிள்ளைகளில் ஒருவனுக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த அன்றே டாக்டர் பிஸ்தாவையும் சேர்த்து நிறுத்தச் சொன்னார். ஐஸ்கிரீம், கேக் எது வாங்கினாலும் நான் இரண்டு பெயரையும் தேடுகிறேன். மேலே தூவியிருக்கும் பச்சைத் தூள் பிஸ்தாவாக இருக்கலாம்.

இன்னொன்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஒவ்வாமை இல்லையென்றால் பொடித்தோ விழுதாக அரைத்தோ கொடுக்கலாம்.


பதில்: மூத்தமகள்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மாத்திரை விஷயத்தில் 12 சதவீதம், 30 சதவீதம் என்ற கணக்கைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் "சரி, எடுத்துக்கறேன்" என்றார். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

நிதானம் சொன்னதைப் பார்த்துப் பழைய அறிக்கையை எடுத்தேன். கிரியேட்டினின் சரியான அளவில்தான் இருக்கிறது. சிறுநீரில் அல்புமின் இதுவரை பார்த்ததே இல்லை, அடுத்த முறை கேட்கிறேன்.

இன்னும் சில சந்தேகங்கள். கண்ணுக்கு நல்லது என்று சொல்கிறார்களே, உண்மையா? அப்பாவுக்குப் பல்செட், ஓட்டைப் பிரிக்கச் சிரமப்படுகிறார், அதற்கு என்ன செய்யலாம்? சாப்பிட்டால் சில நாள் வயிறு உப்புசமாக இருக்கிறது என்கிறார். பெரிய பாக்கெட்டாக வாங்கி வைத்தால் கெட்டுப்போகுமா?


பதில்: உணவுத்தட்டு

அப்பா மாத்திரை எடுக்கச் சம்மதித்தது கேட்டு மிகவும் சந்தோஷம். ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கண்: வீடியோக்கள் சொல்வதில் இது ஓரளவு ஆதாரமுள்ள விஷயம். பருப்பின் பச்சை நிறத்துக்குக் காரணம் பச்சையம். அதோடு லூட்டீன், ஸியாஸாந்தின் என்ற மஞ்சள் நிறமிகளும் இருக்கின்றன. நம் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் சேர்ந்திருப்பவை இவைதான், நீல ஒளியை வடிகட்டுகின்றன. மற்ற நட்ஸ் எதிலும் இவை சொல்லிக்கொள்ளும் அளவில் இல்லை. கீரையில் இன்னும் அதிகம், ஆனால் இவை கரைவதற்குக் கொழுப்பு வேண்டும். பிஸ்தாவில் அந்தக் கொழுப்பும் கூடவே இருக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வில் 12 வாரம் தினமும் 57 கிராம் சாப்பிட்டவர்களுக்கு மாக்குலாவின் நிறமி அடர்த்தி கூடியது. ஆனால் அது ஆரோக்கியமானவர்களிடம், வறுக்காத, உப்பில்லாத பிஸ்தாவை வைத்துச் செய்தது. வறுத்தால் லூட்டீன் குறைகிறது. சுகர் இருப்பவருக்குக் கண்ணில் வரும் பாதிப்பு வேறு வகை, அது விழித்திரையின் ரத்தக்குழாய்களில் வருவது. அதற்கு வருடத்துக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். பிஸ்தா சாப்பிடுகிறேன் என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பல்செட்: நன்றாக வாய் திறந்த பிஸ்தாக்களை மட்டும் பொறுக்கிக் கொடுங்கள். காலி ஓட்டின் பாதியைப் பிளவில் நுழைத்துத் திருப்பினால் சுலபமாகப் பிரியும். மூடியே இருப்பவற்றைப் பல்லால் உடைக்க விடாதீர்கள், பெரும்பாலும் உள்ளே பருப்பு சரியாக வளர்ந்திருக்காது. மெல்லவே கஷ்டமாக இருந்தால் ஓடு நீக்கியதை வாங்கி, காலையிலேயே 28 கிராம் அளந்து ஒரு சிறு டப்பாவில் போட்டுவிடுங்கள், பொடித்துக்கூட வைக்கலாம். டப்பா காலியானால் அன்றைக்கு முடிந்தது. பாக்கெட் அவர் கைக்கு எட்டக்கூடாது.

உப்புசம்: பிஸ்தாவிலும் முந்திரியிலும் குடல் கிருமிகள் புளிக்கவைக்கும் ஒருவகை மாவுச்சத்து அதிகம். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு இது நன்றாகவே தொந்தரவு கொடுக்கும். அப்பாவுக்கு அளவு அதிகமான நாளில்தான் வருகிறதா என்று கவனியுங்கள். 15 பருப்பில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். அப்போதும் வந்தால் பிஸ்தாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. வால்நட்டோ பாதாமோ சாப்பிடட்டும், கொலஸ்ட்ராலுக்கு அவையும் உதவும்.

கெட்டுப்போவது பற்றிக் கேட்டது நல்ல கேள்வி, பலர் இதை யோசிப்பதே இல்லை. இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, எண்ணெய் காற்றும் வெப்பமும் பட்டுச் சிக்கு வாடை அடிப்பது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இது மாதக்கணக்கில் தள்ளிப்போகும். மற்றது பூஞ்சை, அதுதான் ஆபத்து. மரத்திலேயே ஓடும் தோலும் முன்கூட்டிப் பிளந்துவிடும் காய்களிலும், ஈரத்தில் வைத்த பருப்பிலும் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் நச்சை உண்டாக்கும். கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புள்ள நச்சு அது. வறுத்தாலும் முழுவதும் அழியாது. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஈரான் பிஸ்தா இறக்குமதியைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்ததே இதனால்தான். இப்போது நேரடியாக உண்ணும் பிஸ்தாவுக்கு ஒரு கிலோவில் மொத்தம் 10 மைக்ரோகிராம் என்று அங்கே வரம்பு இருக்கிறது. வீட்டில் இதை அளக்க வழியில்லை. அதனால் திறந்த மூட்டையில் அள்ளித் தருவதை விட, தேதி போட்ட, மூடி முத்திரையிட்ட பாக்கெட்டாக வாங்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பொடி படிந்தது, வாயில் போட்டதும் கசப்பது எதுவானாலும் விழுங்காமல் துப்பிவிடச் சொல்லுங்கள். பெரிய பாக்கெட் வேண்டாம், ஒரு மாதத்தில் தீர்கிற அளவு போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் டப்பா அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் படியும்.

அடுத்த ரத்தப் பரிசோதனை வந்ததும் எல்.டி.எல். எண்ணோடு அல்புமின் முடிவையும் இங்கே போடுங்கள், அளவைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று அதை வைத்துப் பேசுவோம்.